பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

முடிச்சு என்றதும் அதன் உறுதிதான் நம் நினைவுக்கு வருகிறது. "நன்றாக இறுக்கிக் கட்டு" என்றே பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். ஆனால், அவிழக் கூடாத நேரத்தில் அவிழ்ந்துவிடும் முடிச்சால் எவ்வளவு கேடு விளையுமோ, அவிழ வேண்டிய நேரத்தில் அவிழாத முடிச்சாலும் அவ்வளவு கேடு விளையும். கொட்டிலில் தீப்பிடித்தால் மாட்டின் தும்பை அவிழ்த்துவிட எத்தனை நொடி கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் உழவர் மாட்டைத் தறியில் கட்டும்போது உருவாஞ்சுருக்கு இடுவார். மாடு இழுக்க இழுக்க அது இறுகும். ஆள் கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஆக, நல்ல கட்டு ஒன்றுக்கு வேலை இரண்டு. பிடிக்க வேண்டும், சொன்ன நொடியில் விடவும் வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் ஒருவரின் உயிரையே தாங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. வானத்திலிருந்து குதிப்பவரின் தலைக்கு மேலே, பாராசூட் என்று நாம் வழக்கில் சொல்லும் வான்குடையில், பிரேக் கயிற்றின் கைப்பிடி பொருந்தியிருக்கும் இடம் அது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு பொருத்தின் கதையை அறிய, முதலில் மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு வாருங்கள்.

கரையில் அவிழும் கட்டு

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை செல்லும் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் ஆழமான இயற்கைத் துறைமுகம் ஏதும் இல்லை. அலைகள் நேராக வந்து கரையில் மோதி உடைகின்றன. இத்தகைய கரைக்கு ஏற்ற கலமாக நம் மீனவர் கண்டதே கட்டுமரம். செய்முறையைப் பெயரே சொல்லிவிடுகிறது. எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, அருகருகே சேர்த்து, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் பிணைப்பார்கள். சோழமண்டலக் கரையின் இந்தக் கலத்தைப் பற்றி ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு வழங்கும் 'கேட்டமரான்' என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதே.

கடலில் பல மணி நேரம் கிடந்த மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆகவே கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பி உலர வைப்பார்கள். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மீண்டும் கட்டுவார்கள். கடலில் அவிழாத கட்டு கரையில் எளிதாக அவிழ வேண்டும் என்பதே இங்கு இலக்கணம்.

இதே கரையில் வழங்கிய மற்றொரு கலம் மசூலா படகு. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை, கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளின் ஊடே கரை சேர்த்தது இதுதான். இதன் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். இரும்பு ஆணி ஏன் இல்லை? உப்பு நீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது ஒரு காரணம். அலையில் அகப்பட்டுத் தரையில் மோதும்போது பலகைகள் சற்றே வளைந்து கொடுக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம். ஆணி அடித்த இடத்தில் விசை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்து மரத்தைப் பிளக்கும். தையலோ அதைப் பலகையின் நீளம் முழுவதும் பகிர்ந்து கொள்ளும். இங்கே கட்டு நாள்தோறும் அவிழ வேண்டிய தேவையில்லை. ஆகவே தையல் பொருந்தியது. ஒரே கரை, ஒரே கயிறு. தேவை வேறு, எனவே கட்டும் வேறு.

கயிறு மரத்தை எப்படி இவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறது? உராய்வினால்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை இதற்குக் கணக்கு வகுத்தார். உருளையான கட்டையைச் சுற்றிய கயிற்றின் ஒரு முனையில் நாம் பிடித்துக்கொண்டால், மறு முனையில் தாங்கக்கூடிய சுமை ஒவ்வொரு சுற்றுக்கும் பல மடங்காகப் பெருகும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ பிடிக்கு ஒரு சுற்றில் ஏறத்தாழ 6.6 கிலோ தாங்கும். 2 சுற்றில் 43 கிலோ. 3 சுற்றில் 285 கிலோ. சிறுவன் ஒருவன் பிடித்திருக்கும் கயிறு பெரும்படகை நிறுத்துவது இப்படித்தான். இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். அந்த 1 கிலோ பிடியை விட்டுவிட்டால் 285 கிலோவும் நழுவிவிடும். பெருஞ்சுமையைச் சிறு விசையால் பிடிக்கவும் முடியும், விடவும் முடியும் என்ற உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

குடை பாயான கதை

பாய் விரித்து ஓடும் கலத்தில் இன்னொரு கயிறு உண்டு. பாயின் அடி மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு அது. அதை இழுத்தால் பாய் காற்றை ஏந்தும்; தளர்த்தினால் காற்று வழிந்து போகும். திடீரென்று சூறைக்காற்று வீசும்போது இந்தக் கயிறு அவிழாமல் இறுகிக்கொண்டால் கலம் கவிழ்ந்துவிடும். ஆகவே அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும், அல்லது ஒரே இழுப்பில் அவிழும்படி கட்டியிருக்க வேண்டும் என்பது பாய்க்கலம் ஓட்டுவோர் எங்கும் அறிந்த விதி. துணி, காற்று, துணியின் ஓரத்தை இழுக்கும் கயிறு ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வான்குடையிலும் இதே மூன்றுதான்.

தொடக்கக்கால வான்குடை பாயைப் போன்றதன்று. அது உண்மையிலேயே குடைதான். பிரான்சில் 1783இல் லெனோர்மாண்ட் என்பவர் மோன்பெலியே நகரத்துக் கோபுரத்திலிருந்து அதைக்கொண்டு இறங்கிக் காட்டினார். 1797 அக்டோபர் 22 அன்று கார்னெரின் என்பவர் பாரிஸ் நகரின் மேலே பலூனிலிருந்து இறங்கினார். வழியெல்லாம் அவருடைய கூடை ஊசல்போல் பயங்கரமாக ஆடியது. காற்று கொண்டுபோன இடத்தில் இறங்குவதே அன்றைய வழக்கம்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜ் 1941இல் வான்குடையில் குதித்தார். இந்தியப் படைவீரர்களில் முதன்முதலாக அவ்வாறு குதித்தவர் என்ற புகழ் அவருக்கு உரியது. பின்னர் 1951இல் கொரியப் போரில் வான்குடை மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்கர விருதும் பெற்றார். அவர் காலத்துப் படை வான்குடைகள் வட்டமானவை. குதித்தவர் தோள்வார்களை இழுத்துச் சற்றே சாய்க்கலாம், அவ்வளவுதான். விரும்பிய திசையில் செலுத்தும் கைப்பிடி அவற்றில் இல்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் பட்டமும் பலூனும் செய்துவந்த டொமினா ஜால்பெர்ட் என்ற அமெரிக்கர். துணியால் ஆன மேல்தோல், கீழ்த்தோல், இடையே வரிசையாக அறைகள், முன்புறத்தில் திறந்த வாய்கள் என்று அவர் ஓர் இறக்கையையே துணியில் தைத்தார். காற்று வாய்வழியே புகுந்து அறைகளை உப்பச் செய்ய, அது விமான இறக்கையின் வடிவம் பெற்றது. 1964இல் விண்ணப்பித்த அவருக்கு 1966இல் காப்புரிமை கிடைத்தது. மாமல்லபுரத்தில் 2022 ஆகஸ்ட் மாதம் பன்னாட்டுப் பட்டத் திருவிழா நடந்தது. அதற்குப் போனவர்கள் காற்றை உள்வாங்கி உப்பி நிற்கும் பெரும் பட்டங்களைப் பார்த்திருப்பார்கள். அவையும் ஜால்பெர்ட்டின் வான்குடையும் ஒரே குடும்பம். இன்று விளையாட்டாகக் குதிப்போரும், 1987இல் தோன்றிய நம் விமானப்படையின் 'ஆகாஷ் கங்கா' குழுவினரும் பயன்படுத்துவது இந்த இறக்கை வான்குடையே.

பாதி இழுத்த பிரேக்

இறக்கை வான்குடை கீழே இறங்குவதோடு முன்னோக்கியும் பறக்கும். அதன் பின் ஓரத்தின் இடப்பாதியிலிருந்து ஒன்றும் வலப்பாதியிலிருந்து ஒன்றுமாக இரண்டு கயிறுகள் வந்து, குதிப்பவரின் பின் தோள்வார்களில் உள்ள வளையங்கள் வழியே நுழைந்து, கைப்பிடிகளில் முடிகின்றன. இடக் கைப்பிடியை இழுத்தால் அப்பக்கத்துப் பின் ஓரம் மடங்கும். அந்தப் பக்கம் வேகம் குறையும். குடை இடப்புறம் திரும்பும். இரண்டையும் ஒருசேர இழுத்தால் வேகம் தணியும். தரையைத் தொடும் முன் இரண்டையும் முழுவதும் இழுத்துத்தான் மெதுவாகக் கால் ஊன்றுகிறார்கள். ஆகவே ஓட்டும் கயிறும் இதுவே, பிரேக் கயிறும் இதுவே.

குடை விரியும் நொடியில்தான் சிக்கல் பிறக்கிறது. குதித்தவர் மணிக்கு ஏறத்தாழ 190 கி.மீ. வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார். அந்நிலையில் குடை முழு வேகத்தில் பறக்கும் வடிவத்தோடு விரிந்தால் முன்புறமாகப் பாய்ந்துவிடும். ஆகவே மடித்து வைக்கும்போதே பிரேக்கைப் பாதி இழுத்துப் பூட்டி வைக்கிறார்கள். குடை விரிந்து நிலைத்ததும் குதித்தவர் இரு கைப்பிடிகளையும் பிடித்து இழுத்துப் பூட்டைத் திறக்கிறார்.

பூட்டு மிக எளிமையானது. பிரேக் கயிற்றிலேயே ஓரிடத்தில் சிறு கண் ஒன்று பின்னப்பட்டிருக்கும். அந்தக் கண் வளையத்தின் கீழே வரும் வரை கயிற்றை இழுத்து, கைப்பிடியின் விறைப்பான நுனியை அதற்குள் செருகிவிடுவார்கள். குடை கயிற்றை மேலே இழுக்கும். ஆனால் கண்ணுக்குள் நிற்கும் நுனி வளையத்தைத் தாண்டாது. ஆகவே கயிறு அங்கேயே நிற்கும். கைப்பிடியைக் கீழே இழுத்தால் நுனி உருவிக்கொண்டு வந்துவிடும், கயிறு விடுபடும்.

இது உங்களுக்குப் புதிதாகத் தோன்றுகிறதா? செங்கல்பட்டு ஏரிப் பாசன ஊர்களிலிருந்து நெல்மூட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டியின் கடையாணியை நினைத்துப் பாருங்கள். சக்கரம் பக்கவாட்டில் கழன்று ஓடப் பார்க்கும். ஆணியோ அதற்குக் குறுக்கே மேலும் கீழுமாக நிற்கும். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் சக்கரத்தால் ஆணியைப் பிடுங்க முடியாது. வண்டிக்காரர் இரண்டு விரலால் மேலே இழுத்தால் வந்துவிடும். சுமை ஒரு திசையில், கை வேறு திசையில். வான்குடைப் பூட்டின் அடிப்படையும் இதுவே.

ஒரு பக்கம் மட்டும் அவிழ்ந்தால்

இத்தனை எளிய பூட்டில் என்ன தவறு நேர முடியும்? இரண்டு தவறுகள் நேரலாம்.

குடை விரியும் அதிர்ச்சியில் ஒரு பக்கத்து நுனி தானாக உருவிக்கொள்வது முதல் தவறு. அப்போது ஒரு பக்கம் முழு வேகத்தில் பறக்கும். மறு பக்கம் பாதி பிரேக்கில் தொங்கும். குடை சுழலத் தொடங்கும். சிறிய, விரைந்த குடையானால் சுழற்சி கடுமையாகும். உயரம் வேகமாகக் கரையும். உடனே மறு பக்கத்துப் பிரேக்கையும் விடுவித்தால் குடை நேராகிவிடும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. இழுத்தும் கைப்பிடி வராமல் போவது. பிரேக்கைப் பாதி இழுத்துப் பூட்டியதால் வளையத்துக்கும் கைப்பிடிக்கும் இடையே மிச்சக் கயிறு தொங்கும். அது காற்றில் அலைந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டால், இழுக்க இழுக்க இறுகும்.

எதுவும் பலிக்காவிட்டால், குறித்த உயரத்துக்கு மேலேயே முதல் குடையை உதறிவிட்டு மாற்றுக் குடையை விரிக்க வேண்டும். உதறுவதற்கு உதவுவது 1970களின் நடுவில் பில் பூத் என்ற அமெரிக்கர் அமைத்த மூன்று வளையப் பொருத்து. பெரிய வளையத்தை அடுத்த வளையம் பிடிக்க, அதை இன்னும் சிறிய வளையம் பிடிக்க, அதைக் கடைசியில் ஒரு நூல் கண்ணி பிடித்திருக்கும். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல்போல் சுமையைப் பல மடங்கு குறைத்துக்கொண்டே வருவதால், ஆள் எடைக்கும் மேற்பட்ட இழுப்பைச் சிறு கண்ணி தாங்குகிறது. கட்டையைச் சுற்றிய கயிற்றில் கண்ட அதே உண்மை இங்கே வேறு உருவில் வேலை செய்கிறது.

எதைக்கொண்டு பொருத்துவது?

பிரேக் கயிற்றின் சுமையைத் தாங்குவது கண்ணுக்குள் நிற்கும் நுனி என்று கண்டோம். அந்த நுனி தானாக நழுவாதபடி கைப்பிடியைத் தோள்வாரோடு சேர்த்துப் பிடித்திருக்க இன்னொரு பொருத்து வேண்டும். இதற்குப் பல வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள்.

வெல்க்ரோ: ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1941இல் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் நாயோடு உலாவிவிட்டு வந்தார். நாயின் மயிரில் ஒட்டியிருந்த முட்காய்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது நுனிதோறும் கொக்கிகள் தெரிந்தன. நம் ஊர்த் தரிசுகளில் மருளூமத்தைக் காய் வேட்டியில் ஒட்டிக்கொள்வதும் இதே கொக்கிகளால்தான். கொக்கிப் பட்டையும் வளையப் பட்டையும் சேர்ந்த ஒட்டுப்பட்டையாக 1950களில் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். இதற்கு வியப்பான குணம் ஒன்று உண்டு. பட்டைக்கு இணையாக இழுத்தால் ஆயிரக்கணக்கான கொக்கிகள் ஒருசேர எதிர்க்கும். ஓரத்திலிருந்து உரித்தால் ஒவ்வொரு வரிசையாக விட்டுக்கொடுக்கும். ஆகவே இந்தப் பொருத்து உள்ளவர்கள் முதலில் கைப்பிடியை உரித்து, பிறகுதான் கீழே இழுக்க வேண்டும். நீண்ட காலம் இது பெருவழக்காக இருந்தது. குறைகளும் உண்டு. பலமுறை உரித்தால் பிடி தளரும். மணலும் தூசும் கொக்கிகளை அடைக்கும். பிரேக் கயிறு கொக்கிகளில் உராய்ந்து நைந்துபோகும். கடற்கரையில் இறங்குவோருக்கு இது சிறிய குறையன்று.

அழுத்துப் பொத்தான்: சட்டையில் உள்ளதைப் போன்ற உலோகப் பொத்தான். அதனுள் இருக்கும் வில் குறித்த விசை வரை அசையாது பிடிக்கும். அதைத் தாண்டினால் சட்டென்று விட்டுவிடும். எவ்வளவு இழுத்தால் விடும் என்பது புதிதில் தெளிவாகத் தெரியும். தேய்ந்த பிறகோ, உப்புக் காற்றில் துருவேறிய பிறகோ அந்த அளவு மாறிவிடும். மாறியது வெளியே தெரியாது என்பதே இதன் ஆபத்து.

துணிப்பை: கைப்பிடியின் மேல் நுனி கயிற்றின் கண்ணுக்குள் புகுந்து, அதற்கு மேல் தோள்வாரில் தைத்த சிறு பைக்குள் அடங்கும். கீழ் நுனிக்கும் ஒரு பை. பிடிப்பது துணியின் உராய்வு மட்டுமே. கொக்கி இல்லை, உலோகம் இல்லை, கயிற்றை அரிப்பதும் இல்லை. நேராகக் கீழே இழுத்தால் போதும். இன்றைய விளையாட்டு வான்குடைகளில் இது பெரிதும் வழங்குகிறது. ஆனால் பை தளர்ந்துவிட்டாலோ, நுனியை அரைகுறையாகச் செருகினாலோ பயன் இல்லை.

காந்தம்: மலைச்சரிவிலிருந்து ஓடிப் பறக்கும் பாராகிளைடர்களின் கைப்பிடிகளில் இதைக் காணலாம். அருகில் கொண்டுபோனாலே தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி இதற்கு உண்டு. பாராகிளைடர் தரையிலேயே விரிக்கப்படுவதால், குடை விரியும் அதிர்ச்சி அதற்கு இல்லை. பாதி பிரேக்கில் பூட்டவும் வேண்டாம். கைப்பிடி தொங்கி அலையாமல் இருந்தால் போதும். காந்தத்தின் ஈர்ப்போ சிறு இடைவெளி விழுந்தாலே சட்டென்று குறைந்துவிடும். கல்பாக்கம் பக்கத்துக் கருமணலில் காந்தத்தைப் புரட்டினால் இரும்புத்தாதுத் துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். அந்த மீசையும் ஓர் இடைவெளிதான்.

இவற்றோடு, மிச்சக் கயிற்றை மடித்துச் செருகிவைக்க எலாஸ்டிக் பட்டை ஒன்றும் சேர்ந்தது. சுற்றிக்கொள்ளும் தவற்றுக்கு அதுவே மருந்து.

எது சிறந்தது?

வரலாறு தரும் விடை இது. கைப்பிடியைப் பிடிக்கும் பொருத்து எதுவானாலும், பிரேக் கயிற்றின் சுமையை அதன் தலையில் ஏற்றக் கூடாது. சுமையைக் குறுக்கே நிற்கும் நுனி தாங்கட்டும்; வெல்க்ரோவும் பையும் அந்த நுனியை இடத்தில் வைத்திருக்கட்டும். கண் தளர்ந்தாலோ, நுனி நைந்து வளைந்தாலோ இந்த வேலைப் பிரிவினை குலைந்துவிடும். அப்போது எவ்வளவு வலுவான ஒட்டுப்பட்டையும் காப்பாற்றாது. பிடியை மேலும் மேலும் வலுவாக்கினால், தானாக அவிழும் ஆபத்து குறையும். இழுத்தும் வராத ஆபத்து வளரும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க வழி, சுமையின் திசையையும் கையின் திசையையும் பிரித்து வைப்பதே.

கணக்காகவும் பார்க்கலாம். கயிறு 20 கிலோ இழுப்பில் நிற்கிறது, உராய்வுக் கெழு 0.2 என்று கொள்வோம். நுனியின் ஒரு பக்கம் கயிற்றுக் கண்ணும் மறு பக்கம் வளையமும் அழுத்துவதால், அதை உருவ 20 × 0.2 × 2 = 8 கிலோ இழுப்பு போதும். ஒரு கையால் ஆகக்கூடியது. இதே சுமையை ஒட்டுப்பட்டை நேராகத் தாங்கியிருந்தால், குடையும் கையும் ஒரே பிடியோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமலே நம் முன்னோர் கடையாணி செய்தார்கள், கட்டுமரம் கட்டினார்கள், மாட்டுக்கு உருவாஞ்சுருக்கு இட்டார்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் அருகிவிட்டன. நாள்தோறும் கட்டியும் அவிழ்த்தும் பழகிய கைகளும் குறைந்துவருகின்றன. அந்தக் கைகள் அறிந்த அறிவை ஏட்டில் ஏற்றிவைப்பது அறிவியல் படிக்கும் இளைஞர்களின் கடமை.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள காலணியிலோ பையிலோ இருக்கும் வெல்க்ரோ பட்டையை முதலில் பட்டையின் போக்கிலேயே இழுங்கள்; பிறகு ஓரத்திலிருந்து உரியுங்கள். இரண்டுக்கும் வேண்டிய விசையை ஒப்பிடுங்கள். அடுத்து, ஒரு கயிற்றின் நடுவில் சிறு கண் போட்டு, அதை வளையலுக்குள் இழுத்து, கண்ணுக்குள் ஒரு பென்சிலைச் செருகுங்கள். கயிற்றின் மறுமுனையில் ஒரு செங்கல்லைக் கட்டி, வளையலைப் பிடித்துத் தூக்குங்கள். செங்கல் தொங்கும், பென்சில் நழுவாது. இப்போது பென்சிலை அதன் நீளவாக்கில் உருவுங்கள். கால்களைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் உடனே விழும்!